கடைசி வீட்டுச் சறுக்கு

அந்த வீட்டைக் கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறி உள்ளே போனார்கள். இப்போது ஒரு படி இறங்கிப் போகிறார்கள். வீடு ஓர் அங்குலம்கூட அமிழவில்லை. வளர்ந்தது சாலைதான்.

சாலை வளர்வதில் மர்மம் ஒன்றும் இல்லை. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும். ஆனால் சுரண்டும் எந்திரம் வருவதற்குள் தார் வண்டி வந்துவிடும். வந்த வண்டியைக் காக்க வைக்க முடியுமா? பழையதன் மேலேயே கொட்டி, உருளையை ஓட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஒவ்வொரு முறையும் நாலு அங்குலம். இருபத்திரண்டு வருடத்தில் ஆறு முறை. ஒருதரம் குடிநீர்க் குழாய்க்காகத் தெருவை வெட்டினார்கள். அப்போது பள்ளத்தின் பக்கவாட்டில் அந்த அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன. தெருக்காரர்கள் குனிந்து பார்த்து, "இது என் பொண்ணு பொறந்த வருஷம் போட்டது" என்று அடையாளம் சொன்னார்கள்.

தெருவில் பதினான்கு வீடுகள். சாலை உயர உயர ஒவ்வொருவராக வாசலை உயர்த்தினார்கள். எவ்வளவு உயர்த்துவது என்பதற்கு யாரும் பேசி வைக்காத ஒரு கணக்கு இருந்தது: பக்கத்து வீட்டைவிட இரண்டு செங்கல் மேலே. பக்கத்து வீட்டுக்காரரும் அதே கணக்கில் அடுத்த வருடம் உயர்த்துவார். இப்படிப் பன்னிரண்டு வீடுகள் ஒன்றையொன்று எட்டிப் பார்த்துக்கொண்டே மேலே போய்விட்டன. தெருவின் கீழ்க்கோடியில், வாய்க்காலை ஒட்டிய இரண்டு வீடுகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. கடைசி வீடு தராசுக்காரருடையது. அதற்கு முந்தையது டீச்சருடையது.

தராசுக்காரர் தராசு விற்பவர் அல்லர். கடைகளிலும் கிடங்குகளிலும் இருக்கும் தராசுகளைப் பழுது பார்த்து, ஆய்வாளர் முத்திரை குத்துவதற்குத் தயார் செய்து கொடுப்பவர். ஸ்கூட்டரின் முன்னால் ஒரு மரப்பெட்டி இருக்கும். அதில் சோதனைக்கான எடைக்கற்கள். சின்னப் பித்தளைக் கற்களை அவர் வெறும் கையால் தொட மாட்டார், துணியால்தான் எடுப்பார். விரல் வியர்வைக்கும் எடை உண்டு என்பார். அவர் மனைவி வீட்டின் முன்னறையில் தையல் எந்திரம் போட்டிருந்தாள். தெருவுக்கு அவள் தையலம்மா.

போன மழைக்காலத்தில் மூன்று முறை முன்னறைக்குள் தண்ணீர் வந்தது. மூன்றாம் முறை முழங்கால் அளவு. எந்திரத்தின் மோட்டார் எரிந்தது. பள்ளிச் சீருடைக்கு வெட்டி வைத்திருந்த நீலத் துணி வெள்ளைத் துணியோடு ஊறி, இரண்டும் ஒரே நிறமாயின. அன்று ஈரத் தரையில் நின்றுகொண்டு தராசுக்காரர் சொன்னார்: "இனிமே முடியாது. தூக்கிடலாம்."

வீட்டைத் தூக்குவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். அடுத்த மழைக்கு முன்பே, ஒரு வியாழக்கிழமை காலை, ஜாக்கிக்காரர் வந்தார். வீட்டைச் சுற்றி வந்தார். சுவர்களை முட்டியால் தட்டிக் கேட்டார். பிறகு உட்கார்ந்து டீ குடித்தார்.

"பயப்படாதீங்கம்மா. காருக்கு டயர் மாத்தறோமே, அதே வேலைதான். வண்டி கொஞ்சம் பெருசு, அவ்ளோதான்."

"சாமானையெல்லாம் வெளிய எடுக்கணுமா?" என்றாள் தையலம்மா.

"எதுக்கு? நீங்க பாட்டுக்கு உள்ள சமைச்சிட்டு இருங்க. நாங்க பாட்டுக்குத் தூக்கிட்டு இருப்போம்."

அவர் சொன்னது பெருமைப் பேச்சு இல்லை. சுவரின் அடியில் ஒரு முழம் மட்டும் உடைப்பார்கள். அந்தச் சந்தில் இரும்புச் சட்டத்தைச் செருகி, அதன் கீழே ஒரு திருகு ஜாக்கியை நிறுத்துவார்கள். அடுத்த முழத்தைத் தொடாமல் விட்டு, அதற்கடுத்த முழத்தை உடைப்பார்கள். அங்கே பாரம் ஜாக்கிக்கு மாறிய பிறகுதான் விட்டதற்குத் திரும்பி வருவார்கள். வீடு அஸ்திவாரத்தை விட்டு ஜாக்கிகளின் மேல் உட்கார்ந்ததும் ஒருவர் விசில் ஊதுவார். எல்லாரும் தங்கள் ஜாக்கியைக் கால் சுற்றுச் சுற்றி நிறுத்துவார்கள். அடுத்த விசில், அடுத்த கால் சுற்று. ஒருவர் அவசரப்பட்டு அரைச் சுற்றுச் சுற்றினால் சுவரில் விரிசல் விழும். மூன்றடி உயர மூன்று வாரம் ஆகும்.

தராசுக்காரர் டீயைக் குடிக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். "எத்தனை ஜாக்கி?"

"இந்த வீட்டுக்கு நூத்தம்பது."

"வீடு என்ன எடை இருக்கும்?"

"அதையெல்லாம் யாரு சார் போட்டுப் பாத்தா?"

"எடை தெரியாமயா தூக்குவீங்க?"

"தெரிஞ்சா எவன் சார் தூக்குவான்?"

அவர் போன பிறகு தராசுக்காரர், சீருடை அளவு எழுதிய ஒரு தாளின் பின்புறம் கணக்குப் போட்டார். செங்கல், கான்கிரீட், கதவு, பீரோ, தையல் எந்திரம். ஏறக்குறைய நூறு டன் வந்தது. அன்று முழுவதும் அந்த எண் அவருக்கு இனிப்பாக இருந்தது. அடுத்த புதன்கிழமை வேலை தொடங்குவதாகப் பேச்சு.

இரண்டு வீடுகளுக்கும் நடுவே இடுப்பளவு சுவர். மேல்பக்கம் தட்டையாக இருந்ததால் கிண்ணம், செய்தித்தாள், சாவி எல்லாம் அதன் வழியாகத்தான் போய்வரும். டீச்சரின் கணவர் நாலு வருடமாகப் படுக்கையில் இருந்தார். ஒரு பக்கம் கை கால் வராது, பேச்சும் சரியாக வராது. அவருக்கான சட்டைகளைத் தையலம்மா தைத்துத் தருவாள். முன்பக்கம் சாதாரணச் சட்டை மாதிரி பொத்தான்கள் இருக்கும், திறப்பதென்னவோ முதுகுப்பக்கம். அங்கே ஒட்டிக்கொள்ளும் பட்டை. படுத்திருப்பவரைத் தூக்காமல் இரண்டு கையையும் நுழைத்து, ஒருக்களித்து ஒட்டிவிடலாம். பார்க்க வருகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. பொத்தான் எதற்கு என்று டீச்சர் முதலில் கேட்டபோது, "அது சாருக்கு இல்லக்கா, பாக்க வர்றவங்களுக்கு" என்றாள் தையலம்மா.

அன்று மாலை டீச்சர் சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"என்னடி, தூக்கறீங்களாமே?"

"ஆமாக்கா. மூணடி."

"மூணடியா! அப்ப இனிமே உனக்கு ஒரு கிண்ணம் குடுக்கணும்னா நான் ஸ்டூல் போட்டு ஏறணும்."

"நான் குனிஞ்சு வாங்கிக்கறேன்கா."

"குனிவே, குனிவே. இப்பவே இடுப்புல கை வச்சுக்கிட்டுத்தான் நிக்கறே."

இருவரும் சிரித்தார்கள். டீச்சரின் சிரிப்பு சீக்கிரம் முடிந்துவிட்டது.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதே. போன மழையில உன் வீட்டுல முழங்கால் தண்ணி. எங்க வீட்டுல வாசப்படி மட்டும் நனைஞ்சுது. ஏன் தெரியுமா?"

தையலம்மா முந்தானையால் சுவரின் மேல்பக்கத்தைத் துடைத்தாள்.

"உன் வீடு வாங்கிக்கிச்சு. அதான். இனிமே அது வாங்காதுன்னா, அந்தத் தண்ணி எங்க போகும்னு ஜாக்கிக்காரர் சொன்னாரா?"

"அக்கா..."

"குறை சொல்லலடி. எல்லாரும் பண்ணினதைத்தான் நீங்களும் பண்றீங்க. எங்களால தூக்க முடியாது. மூணு வாரம் சுவரை உடைச்சுக்கிட்டு இருந்தா இவரை எங்க கொண்டு போய் வைப்பேன்? கட்டில் உயரம் ரெண்டடி. பாத்துக்கலாம்." சுவர்மேல் ஒரு பொட்டலத்தை வைத்தார். "ரெண்டு சட்டைக்குத் துணி. நீ மேல போறதுக்குள்ள தச்சுக் குடுத்துடு. அளவு இருக்குல்ல?"

"நோட்டுல இருக்குக்கா."

இரவுச் சாப்பாட்டுக்கு முட்டையும் உருளைக்கிழங்கும் செய்திருந்தாள். தராசுக்காரர் தட்டில் கை வைத்ததும் சொல்லிவிட்டாள்.

"டீச்சரக்கா வீட்டுக்குள்ள தண்ணி போகும்."

"நம்ம வீட்டுக்குள்ள வந்தப்ப மேல இருக்கற பன்னண்டு வீட்டுக்காரங்களும் இதைப் பேசினாங்களா?"

"அவங்க பேசல. நாம பேசணும்."

"பத்து வருஷமா சங்கக் கூட்டத்துல கத்தறேன். நீங்க ஆளாளுக்கு உயத்தறீங்க, கடைசி வீடு முழுகுதுன்னு. ஒருத்தன் காதுல விழுந்துச்சா? பள்ளத்துல இருக்கோம், தண்ணி வருது. மேல போனா வராது. ரெண்டும் ரெண்டும் நாலு."

"பள்ளத்துலதான் இருக்கோம்னு அளந்து பாத்தீங்களா?"

தராசுக்காரரின் கை நின்றது. வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அவர் பதில் வைத்திருப்பார். அளக்காமல் பேசுகிறீர்கள் என்று இருபத்தெட்டு வருடத் தொழிலில் அவரை யாரும் சொன்னதில்லை.

சனிக்கிழமை காலை, ஜாக்கிக்காரர் விட்டுப் போயிருந்த மட்டம் பார்க்கும் டியூபை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் டியூப், அறுபதடி நீளம். உள்ளே தண்ணீர் நிரப்பிக் குமிழி இல்லாமல் தட்டி விட்டால் போதும். ஒரு முனையை இங்கேயும் மறு முனையை அறுபதடி தள்ளியும் பிடித்தால், நடுவில் டியூப் எப்படி வளைந்து நெளிந்து கிடந்தாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில்தான் நிற்கும். சுவர் இருந்தாலும் சரி, மேடு பள்ளம் இருந்தாலும் சரி. இதைவிட நேர்மையான தராசு உலகத்தில் இல்லை என்பது அவர் கருத்து.

தையலம்மா வாசற்படியில் ஒரு முனையைப் பிடித்தாள். அவர் மறு முனையோடு வாய்க்கால் கரைக்குப் போனார்.

மேல்கோடி மாடி வீட்டுக்காரர் அந்த வழியாக நடைப்பயிற்சி போனார். அவர்தான் சங்கத்தின் செக்ரட்டரி.

"என்ன சார், வாய்க்காலையும் எடை போடறீங்களா?"

"மட்டம் பாக்கறேன்."

"எதுக்குப் பாக்கணும்? மழை வந்தா வாய்க்கால் ரொம்பி எதிர்த்து வருது. அதான் உங்க வீட்டுக்குள்ள வருது. தெருவுக்கே தெரியுமே."

"எதிர்த்து வந்ததை யாரு பாத்தா?"

"எல்லாரும் சொல்றாங்க."

"நானும்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன்," என்றார் தராசுக்காரர்.

வாய்க்காலின் அடி, அவர் வீட்டு வாசற்படியைவிட நாலரை அடி கீழே இருந்தது. போன மழைக்கு வாய்க்கால் ஏறிய கறை கரைக்கல்லில் அப்படியே இருந்தது. அந்தக் கறையும் வாசற்படியைவிட இரண்டடி கீழே. மூன்று முறை அளந்தார். அளவு மாறவில்லை. வாய்க்கால் எதிர்த்து வரவே இல்லை. வடிவதற்கு இடம் இருந்தும், இருபதடி தூரத்தில் இருந்த வாய்க்காலுக்குப் போகாமல் தண்ணீர் அவர் வீட்டுக்குள் வந்திருக்கிறது.

அன்று மதியம் அவர் எதிலும் ஒட்டவில்லை. ஒரு கடைத் தராசைப் பிரித்து வைத்து, திருகாணியைத் தேடிக்கொண்டே இருந்தார். திருகாணி சட்டைப் பையில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் பருவத்தின் முதல் மழை வந்தது. முதலில் மேற்கே ஒரு கறுப்பு, அப்புறம் தூசி வாசனை, அப்புறம் எதிர்வீடு தெரியாத அளவு தண்ணீர். தையலம்மா எந்திரத்தைப் பெஞ்சுமேல் ஏற்றிவிட்டு ஜன்னலருகே நின்றாள்.

ஜன்னலுக்கு வெளியே தெருவோர வடிகால். அதன் குறுக்கே அவர்கள் வீட்டுச் சறுக்கு: ஸ்கூட்டர் ஏறி இறங்குவதற்காக வடிகாலின்மேல் போட்ட கான்கிரீட் பலகை. கீழே தண்ணீர் போக ஒரு குழாய் வைத்து, சுற்றிலும் சிமெண்டால் அடைத்திருந்தது. எல்லா வீட்டுக்கும் அப்படி ஒன்று உண்டு. சறுக்குகளின் குழாய்கள் கொள்ளாத தண்ணீர் சாலையில் ஏறி ஓடும். கடைசியில், டீச்சர் வீட்டு வாசல் தாண்டியதும், சாலையின் சரிவு அதைத் திரும்ப வடிகாலுக்குள் தள்ளிவிடும்.

அவள் ஜன்னலில் முகத்தை ஒட்டிப் பார்த்தாள். பிறகு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினாள்.

"என்னங்க! இங்க வாங்க."

"மழையில என்ன?"

"வந்து பாருங்க. சறுக்குக்கு இந்தப் பக்கம் பாருங்க. விளிம்பு வரைக்கும் ரொம்பி நிக்குது. இப்ப அந்தப் பக்கம் வாங்க."

அந்தப் பக்கம் வடிகாலில் கணுக்கால் அளவு தண்ணீர்தான். குழாயிலிருந்து கை கனத்துக்கு நீர் பீறிட்டு, வாய்க்காலை நோக்கித் தாராளமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரே வடிகால். நடுவில் ஆறடிச் சறுக்கு. இந்தப் பக்கம் ஏரி, அந்தப் பக்கம் ஓடை.

"குப்பை அடைச்சிருக்கும்," என்றார்.

"அடைச்சா இவ்ளோ வேகமா எப்படி வரும்? குழாய் நல்லாத்தான் இருக்கு. பத்தல. பெரியவங்க தலைக்குக் குழந்தைச் சட்டைக் கழுத்து வெட்டின மாதிரி இருக்கு. சட்டை எவ்ளோ பெருசா இருந்து என்ன, கழுத்துல நிக்குதே."

தராசுக்காரர் மழையில் அப்படியே நின்றார். அந்தக் குழாயை வைத்தவர் அவர்தான். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் தெருவில் வேறு வீடே இல்லாதபோது, தம் கூரையின் நீளம் அகலத்தை அளந்து, ஒரு பெருமழைக்கு எத்தனை குடம் விழும் என்று கணக்குப் போட்டு, நாலு அங்குலக் குழாய் போதும் என்று முடிவு செய்தார். கணக்கில் தப்பில்லை. ஒரு வீட்டுக்கு அது சரியான குழாய். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவரும் அவரிடம்தான் கேட்டார்கள். அளவு தெரிந்தவர் ஆயிற்றே. எல்லாரிடமும் நாலு அங்குலம் என்றார். முதல் வீட்டுக் குழாயில் ஒரு வீட்டுத் தண்ணீர். கடைசி வீட்டுக் குழாய்க்குப் பதினான்கு வீட்டுத் தண்ணீரும் ஒரு தெருவும்.

"ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் முத்திரை போடலன்னா கடைக்காரங்களைத் திட்டறீங்களே," என்றாள் தையலம்மா. குரலில் குத்தல் இல்லை. "ஒருநாள் சரியா இருந்த கல்லு எப்பவும் சரியா இருக்காதுன்னு. இதுக்கு நாம ஒருதரம்கூடப் போடலியே."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மழையில் அதற்கு அர்த்தமில்லை.

"கூட்டத்துல எவ்ளோ பேசிட்டேன்," என்றார்.

"பேசினதுக்கு என்ன இப்ப? இதையும் பேசிடுங்க. தண்ணி ஏறுது, கடப்பாரை எங்க வச்சீங்க?"

கடப்பாரையால் பலகை அசையவில்லை. உள்ளே கம்பி கட்டிப் போட்டிருந்தார். எதையும் அவர் அரைகுறையாகச் செய்தவர் இல்லை. நல்லவேளையாக அரைமணியில் மழை விட்டது. அன்று தண்ணீர் படியோடு நின்றது.

மறுநாள் காலை ஜாக்கிக்காரர் தம் ஆளோடு வந்தார்.

"நூத்தம்பது ஜாக்கின்னேன். போன்ல ரெண்டு போதும்னீங்க. நாலு நாள்ல வீடு இளைச்சுப் போச்சா சார்?"

"வீடு வேண்டாம். இதைத் தூக்குங்க."

"இதையா? இதுக்கு விசில் ஊதக்கூட மூச்சு வேண்டாமே." ஆனாலும் ஊதினார். பழக்கம். பலகையின் இரண்டு ஓரத்திலும் ஜாக்கியை வைத்து, விசிலுக்குக் கால் சுற்றாகச் சுற்ற, இருபத்திரண்டு வருடம் கிடந்த கான்கிரீட் ஒரு பெருமூச்சோடு பிடியை விட்டது. "இது என்ன எடைன்னாவது சொல்லுங்க சார்."

"முக்கால் டன்," என்றார் தராசுக்காரர் உடனே.

அதற்குள் செக்ரட்டரியும் இன்னும் மூன்று நான்கு பேரும் கூடிவிட்டார்கள். டீச்சர் சுவருக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தார். அடைத்திருந்த சிமெண்டை உடைத்துக் குழாயை வெளியே எடுத்து வைத்தார்கள். சிமெண்டில் ஆணியால் கீறிய தேதி இருந்தது. பக்கத்தில் அவர் கையெழுத்திலேயே: மட்டம் சரி.

தராசுக்காரர் குழாயைத் துணியால் துடைத்துக் கையில் எடுத்தார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. எங்க வீட்டுக்குத் தண்ணி வந்ததுக்கு உங்க வாசல் காரணம் இல்ல. இதான் காரணம். வச்சது நான்."

செக்ரட்டரி தலையைச் சொறிந்தார். "எங்களுக்கெல்லாம் நாலு அங்குலம்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"சொன்னேன். இப்ப வேற சொல்றேன். வாய் ரெண்டு மடங்கானா போற தண்ணி நாலு மடங்குக்கும் மேல போகும். உங்க வீட்டுக்கு ஆறு அங்குலம். நடுவுல இருக்கறவங்களுக்கு ஒண்ணரை அடியாவது வேணும். எனக்குக் குழாயே வேண்டாம், திறந்தே கிடக்கட்டும்."

"சரி, யோசிக்கலாம்," என்றார் செக்ரட்டரி. யோசிக்கலாம் என்றால் அந்தத் தெருவில் இரண்டு வருடம் என்று பொருள். ஆனால் அவர் நடைப்பயிற்சியைத் தொடராமல் நேரே வீட்டுக்குப் போய், தம் சறுக்கின் முன்னால் குந்தி உட்கார்ந்து குழாய்க்குள் பார்த்ததை எல்லாரும் பார்த்தார்கள்.

வடிகாலின்மேல் தராசுக்காரர் இரும்புக் கம்பிகளாலான ஒரு தட்டியைப் போட்டார். ஸ்கூட்டர் ஏறும்போது அது கடகடவென்று அதிரும். பெட்டிக்குள் கற்கள் குலுங்கும். அவர் அதைப் பொறுத்துக்கொண்டார். பக்கச் சுவரில் சிவப்புப் பெயிண்டால் ஒரு தேதி எழுதினார். அது வேலை முடிந்த தேதி இல்லை. இரண்டு வருடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டிய தேதி.

வெள்ளிக்கிழமை காலை தையலம்மா டீச்சரின் துணியை வெட்டப் பலகையில் விரித்தாள். நோட்டைப் புரட்டி, சாரின் அளவைக் கண்டுபிடித்தாள். நாலு வருடத்துக்கு முன் எழுதியது. கத்தரிக்கோலை எடுத்தவள் அப்படியே வைத்துவிட்டு, டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

"என்னடி, சட்டை ஆச்சா?"

"இல்லக்கா. சாரை ஒருதரம் அளந்துக்கறேன்."

"அளவுதான் இருக்கேன்னே?"

"இருக்கு. பழசு."

டீச்சர் வழிவிட்டார். கட்டில் ஜன்னலோரம் கிடந்தது. தையலம்மா ஒரு பக்கமாகக் குனிந்து, டேப்பைத் தலையணைக்கும் கழுத்துக்கும் நடுவே மெல்ல நுழைத்தாள். கழுத்து இரண்டு அங்குலம் குறைந்திருந்தது. தோள் ஒன்றரை. நாலு வருடமாக அவருக்குப் பெரிய சட்டையையே தைத்துக் கொடுத்திருக்கிறாள். அளவுகளைச் சத்தமாகச் சொல்லாமல் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

வெளியே மழை பிடித்தது. முதலில் தூறல், பிறகு தெருவே வெள்ளையாகும்படி. டீச்சரின் கண் தன்னையறியாமல் கட்டில் காலுக்குப் போனது. இரண்டு பெண்களும் ஜன்னலைப் பார்க்காமல் ஏதேதோ பேசினார்கள்: பொத்தான் வெள்ளையா கறுப்பா, பட்டையை இன்னும் கொஞ்சம் மெல்லியதாகப் போடலாமா. மேல்தெருத் தண்ணீர் வந்து சேர்கிற நேரம் ஆகியிருந்தது.

சார் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார். படுத்தபடியே அவருக்கு வடிகால் தெரியும். நாலு வருடமாக அவர் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான். வராத பக்கத்து உதட்டை இழுத்து, எழுத்து எழுத்தாகச் சேர்த்துச் சொன்னார்.

"போ... குது."